முன்வரிசை நாற்காலிகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் டியூஷன் நடத்துகிறேன். ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு செஜாரா, அதாவது வரலாறு. அந்தப் பாடத்தில் கோட்டைவிட்டால் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. மற்றதில் எல்லாம் ‘ஏ’ வாங்கியிருந்தாலும் கையை விரித்துவிடுவார்கள்.

அதனால் என்னிடம் வரும் பிள்ளைக்குப் பாடம் எந்த வழியாக ஏறும் என்று முதலில் பார்ப்பேன். ஒருத்திக்குப் படம் வரைந்தால் ஏறும். ஒருவனுக்கு நடந்துகொண்டே படித்தால்தான் ஏறும். அவன் நடக்கிற நடையில் கடைக்குள் தூசி கொட்டுகிறது என்று கீழேயிருந்து புகார்கூட வந்தது. இன்னொருவன் சுல்தான்களை எல்லாம் சினிமாப் பாட்டு மெட்டில் பாடி மனப்பாடம் செய்தான்.

ஒருத்தி மட்டும் பிடிபடவில்லை. அக்கரையில் மாக் மண்டினிலிருந்து ஃபெரி ஏறி வருவாள். அம்மாவுக்கு அங்கே ஃபேக்டரி வேலை. இவளுக்கு நர்ஸ் ஆகவேண்டும். பள்ளியில் வைத்த சோதனைத் தேர்வில் செஜாராவில் தோற்றுவிட்டாள்.

“எஸ்.பி.எம்.லயும் போச்சுன்னா அம்மாகூட ஃபேக்டரிக்குத்தான் டீச்சர்” என்றாள், தலைநிமிராமல்.

வரையச் சொன்னேன், நடக்கவிட்டேன், பாடவும் வைத்தேன். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். எழுப்பிக் கேள்வி கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயத்தில் வாயே திறக்கமாட்டாள்.

அப்போது பிள்ளைகள் கூடிப்போய் நாற்காலி போதவில்லை. சீனர்களின் ஏழாம் மாதம் முடிந்திருந்தது. தெருமேடை நாடகத்துக்குப் போட்ட சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கீழ்க்கடை சீன அங்கிள் அடுக்கி வைத்திருந்தார். வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். கீறல் இல்லாமல் பளபளவென்றிருந்த நான்கைப் பொறுக்கி எடுத்துவந்து முன்வரிசையில் போட்டேன்.

ஒருவரும் உட்காரவில்லை. பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

“முன்னால உக்காந்தா மூளை கரைஞ்சிடுமா?” என்று கத்தினேன்.

நடந்து படிக்கிற பையன்தான் சொன்னான். “டீச்சர், அது ஃபிரண்ட் ரோ சேர் லா. யாரும் உக்காந்ததே இல்ல, அதான் புதுசா இருக்கு.”

எனக்குச் சுரீரென்றது. ஏழாம் மாதம் ஆவிகள் பூமிக்கு வந்துபோகிற மாதம். அந்த மாத நாடகத்தில் முன்வரிசை ஆவிகளுக்கு, மனிதர்கள் இரண்டாம் வரிசையிலிருந்துதான். பினாங்கில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? சுத்தத்தைப் பார்த்தேனே தவிர, சுத்தமாக இருந்த காரணத்தை யோசிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளிடம் தோற்க மனமில்லை. நாற்காலிகள் அப்படியே கிடந்தன.

அடுத்த சனிக்கிழமை டீ வாங்கிக்கொண்டு படியேறும்போது மேலே அவள் குரல் கேட்டது. ஃபெரியில் வருகிறவள் எப்போதும் முதலில் வந்துவிடுவாள். அந்த நான்கு நாற்காலிகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், திக்காமல் திணறாமல். நடுவில் நிறுத்தி, தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

“இல்ல, அது சண்டைக்கு அப்புறம்” என்று மூன்றாவது நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

பளீரென்று வெயில் அடிக்கிற பகல் நேரம். எனக்குப் புறங்கை மயிர் சிலிர்த்தது.

“யார்கிட்டடி பேசுற?”

“சொல்லிக் குடுத்தாதான் எனக்கு ஏறுது டீச்சர். இவங்க சிரிக்கமாட்டாங்க.” கொஞ்சம் யோசித்து, “மூணாவது ஆளுக்குத்தான் லேட்டா புரியும். ரெண்டு வாட்டி சொல்லணும்” என்றாள்.

நிறுத்தச் சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அன்று நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே படிக்கிற பிள்ளைகள் உண்டு. இவளுக்குக் கேட்கிற ஆள் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கீழே அங்கிளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சுடா மூலா, மெஸ்தி ஹாபிஸ்” என்றார் மலாயில். ஆரம்பித்தாயிற்று, முடித்தே ஆகவேண்டும். மழை கொட்டினாலும், தெருவில் ஓர் ஆள் இல்லாவிட்டாலும், அந்த நாடகத்தைப் பாதியில் நிறுத்தமாட்டார்களாம்.

அவள் தேறிவிட்டாள். லட்டுப் பெட்டியோடு படியேறி வந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நர்சிங் கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது. கிளம்பும்போது நாற்காலிகளைப் பார்த்துத் தயங்கினாள்.

“கடைசிப் பாடம் மட்டும் இவங்களுக்குச் சொல்லல டீச்சர். அதுக்குள்ள எக்ஸாம் வந்துருச்சு. நீங்க சொல்லிடுங்க லா.”

ஃபெரிக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டாள். நல்ல பிள்ளை, பாரத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டது.

உடனே நான்கையும் அடுக்கிக் கீழே தூக்கிப் போனேன். அங்கிள் கை நீட்டவில்லை. “ஹாபிஸ்?” என்று மட்டும் கேட்டார். முடிந்துவிட்டதா? பொய் சொல்ல வாய் வரவில்லை. திரும்பவும் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

பழைய இடத்திலேயே போட்டேன். கதவைத் திறந்தே வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு கடைசிப் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தேன். முடித்ததும், இத்தனை வருஷப் பழக்கம், “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டேன்.

மூன்றாவது நாற்காலியின் கால் தரையில் லேசாக உரசியது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வாயால் சொல்லி ஏறவில்லை என்றால் வரைந்து பார்க்க வேண்டும். மார்க்கரை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பினேன்.