களிமண் அடைத்த தாடை

அருங்காட்சியகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மாவு’ என்றால் போதும். முப்பத்தோரு வருடமாக எலும்புகளுக்குப் பிளாஸ்டரில் நகல் எடுக்கிறார். காதுமடல், இமைமுடி, சாப்பாட்டு டப்பா, எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி. “மாவண்ணே, பவுடர் தூக்கலா இருக்கே, பொண்ணு பாக்கவா?” என்று வாசல் காவலாளி தினமும் அதே ஜோக்கை அடிப்பார். இவரும் தினமும் சிரித்து வைப்பார்.

அந்தக் கீழ்த்தாடைக்கு அவர் நகல் எடுத்தது வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடம். நம்மைப் போலவே இரண்டு காலில் நடந்து, பூண்டோடு அழிந்துபோன ஓர் ஆதிமனித இனத்துக்கு அந்த ஒரு தாடைதான் சாட்சி. மறுவாரமே நிலவறையில் வெள்ளம் புகுந்து அசல் போய்விட்டது. மிஞ்சிய நகல் இழுப்பறையில் கிடந்தது. போன வருடம் புதிதாக வந்த ஆய்வாளர் அம்மா அதைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். கீழே ஓர் அட்டை: ‘கடைவாய்ப் பற்கள் அனைத்தும் விழுந்து, குழிகள் ஆறி மூடியிருக்கின்றன. மெல்ல முடியாத இவருக்கு யாரோ பல காலம் ஊட்டியிருக்கிறார்கள்.’

அதை அவர் வீட்டில் சொன்னார். மனைவி படுக்கையில் விழுந்து இரண்டு வருடம்; முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. அவர் சாப்பாட்டைக் குழைத்து எடுத்துப் போகும்போதெல்லாம் கேட்பாள்:

“இன்னைக்கு உங்க ஆளுக்கு யாரு ஊட்டினா?”

“பக்கத்துக் குகைக்காரி.”

பாதி வாயால் சிரிப்பாள். அந்த நாளில் அவள் சிரிப்பது அதற்கு மட்டும்தான்.

கட்டுரையோடு வெளியூருக்கு அனுப்ப இன்னொரு நகல் வேண்டும் என்றார் ஆய்வாளர். மாவு தாடையை லென்ஸுக்கடியில் வைத்தார். ஆறிய குழி என்று சொன்ன இடத்தில் கோணலாக ஒரு கோடு. தன் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். ரம்பம் கீறிய பழைய தழும்பு, அதே கோணல்.

அன்று தானே அடைத்த களிமண் ஞாபகம் வந்தது. குழி ஆழமாக இருந்தால் அச்சு ரப்பர் உள்ளே கவ்விக்கொள்ளும், உரிக்கும்போது எலும்பு உடையும். அதனால் முதலில் களிமண்ணை அடைத்து விரலால் வழித்துவிட வேண்டும். பிறகு நகலில் குழிகளைத் தோண்ட வேண்டும். அப்புறம் தோண்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். வெள்ளம் வந்தது. மறந்தே போனது.

சொன்னால் அட்டை இறங்கிவிடும். வீட்டில் இருக்கிற அந்த ஒரு சிரிப்பும் போய்விடும். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

“மாவு சார், நாளைக்குக் கட்டுரைய அனுப்பறேன். நன்றியில உங்களையும் போட்டிருக்கேன்.”

“அது ஆறல மேடம்.”

“எது?”

“குழிங்க. நான்தான் களிமண் வச்சு அடைச்சேன்.” கட்டைவிரலை நீட்டினார்.

எலும்பைப் பிடிப்பது போல அதைப் பிடித்து லென்ஸுக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார் ஆய்வாளர். “இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல.”

“அப்ப இவருக்கு யாரும் ஊட்டலையா?”

“தெரியாது மேடம். பல்லு உயிரோட இருக்கும்போது விழுந்துச்சா, செத்தப்புறமான்னு சொல்ல இனிமே எலும்பு இல்ல. என் விரல்தான் இருக்கு.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போய் அட்டையின் நான்கு திருகாணிகளையும் தானே கழற்றினார். அன்று மாலை காவலாளியின் ஜோக்குக்கு மாவு சிரிக்க மறந்துவிட்டார்.

வீட்டில் முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனார்.

“உங்க ஆளுக்கு?”

பக்கத்துக் குகைக்காரி நாக்கு நுனி வரை வந்தாள்.

“தெரியலையாம்,” என்றார். “இன்னைக்குத்தான் சொன்னாங்க.”

அவள் கவளத்தை வாங்கிக்கொண்டாள். நெடுநேரம் விழுங்கவில்லை. இழுத்துக்கொண்ட பக்கம் வழிந்ததை அவர் கட்டைவிரலால் வழித்துவிட்டார்.