நாலாவது நிறத்துக்கு ஒரு கையெழுத்து

எங்கள் ஊரில் தமிழரைத் தவிர வேறு ஆட்கள் இல்லை என்பது பதினொரு வயதில் எனக்குப் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. அதற்கு முதல் அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டவள் இல்லை.

ஆறாம் ஆண்டில் எங்கள் வகுப்பு ரீச்சர் ஒரு ஒப்படை தந்தார். ஊரில் எந்தெந்த இனத்தவர் இருக்கிறார்கள் என்று விசாரித்து, ஒரு வட்டம் கீறி, இனத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்து நிறம் தீட்ட வேண்டும். நல்லவை பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் போகும். எங்களை நன்றாக அறிந்தவர் என்றபடியால் ஒரு பூட்டும் போட்டார்: ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அந்த இனத்தைச் சேர்ந்த, ஊரில் இருக்கிற ஒருவரின் கையெழுத்து வேண்டும். நாலு நிறத்துக்குக் குறைந்தால் கண்காட்சியில் இடமில்லை. "ஒரே நிறத்தை ஆர் பிள்ளையள் வந்து பாக்கிறது?" என்றார்.

கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்பிய இருபத்துநாலு நிறப் பென்சில் பெட்டி என்னிடம் இருந்தது. எனக்குக் கணக்கு வராது, எழுத்து வராது, நிறம் தீட்ட மட்டும் வரும். இந்தக் கண்காட்சியை விட்டால் என் பெயர் மேடையில் வாசிக்கப்பட வேறு வழியே இல்லை என்று எனக்கு அந்த வயதிலேயே விளங்கியிருந்தது.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். காங்கேசன்துறைப் பக்கத்தில் எங்களுடையது ஒரு சின்னப் பட்டினம். பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, மீதிப் பாதிக்குக் கதவு இல்லை. கிராம சேவையாளரிடம் போனேன். அவர் பதிவேட்டைத் திறக்கவும் இல்லை. "எல்லாம் எங்கடை ஆக்கள்தான் பிள்ளை" என்று தேத்தண்ணியைக் குடித்தார். வீட்டுக்கு வந்து வட்டத்தைக் கீறி முழுவதும் மஞ்சள் தீட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தோசைப் படம் கீறச் சொன்னவையோ?" என்று கேட்டார்.

தோசையோடு கண்காட்சிக்குப் போக முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு இனம் தேடப் புறப்பட்டேன்.

முதலில் ரோட்டுப் போட வந்து எங்கள் சந்தியில் அறை எடுத்துத் தங்கியிருந்த சிங்கள ஐயா. அவருக்குப் பத்துத் தமிழ்ச் சொல் தெரியும், எனக்கு மூன்று சிங்களச் சொல் தெரியும். ரோட்டைப் பற்றி முறைப்பாடு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போல. "ரோட் நல்லா வரும், நல்லா வரும்" என்று சொல்லிச் சொல்லியே கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது, பழைய இரும்பு வாங்குகிற முஸ்லிம் நானா. வந்து குடியேறியவர் என்று ஒரு சொல்லை விட்டுவிட்டேன். தராசைக் கீழே வைத்துவிட்டு, "நான் வந்த ஆளில்லை மகள், திரும்பி வந்த ஆள்" என்றார். கையெழுத்துப் போட்ட பிறகும் தாளை விடவில்லை. "இந்தத் துண்டைக் கொஞ்சம் பெரிசாக் கீறுங்கோ. எங்களை வெளிக்கிடச் சொல்ல முந்தி யாழ்ப்பாணத்திலை நாங்கள் கனபேர் இருந்தனாங்கள்." கணக்கு வராத ஆள்தானே நான். கேட்ட அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன்.

மூன்றாவது எங்களுடைய மஞ்சள், அதில் தபாற்காரர் போட்டார். நாலாவதுக்குத்தான் வந்தது வினை. எங்கள் அதிபருக்குப் பூனைக்கண், வெள்ளைக்காரர் வழி வந்த பறங்கியருக்கு இருக்கும் என்கிற மாதிரி. அவரின் அறை வாசலில் நின்று மரியாதையாகத்தான் கேட்டேன்: "சேர், நீங்கள் பறங்கியரோ?" அடுத்த நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டி வந்தது.

பாடப் புத்தகத்தில் தனி இனமாகப் போட்டிருந்ததில் மிச்சமாக இருந்த பெரிய பெயர் மலையகத் தமிழர். ஒப்படை கொடுக்க ஒரு நாள்தான் இருந்தது. அழுவதற்கு வசதியான இடம் மாமியின் குசினி என்பதால் அங்கே போய் அழுதேன்.

மாமி என்றால் அம்மாவின் தம்பியைக் கட்டியவர், பக்கத்து வளவு. மாமா இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தபோது கண்டு விரும்பிக் கட்டினவர். ஊருக்கு அவர் கிளிநொச்சியாள். உண்மையில் அவர் பிறந்தது மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். கலவரம் ஒன்றில் வீடு எரிய, அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் ஓடி வந்தது. இது மாமாவுக்கும் அம்மா அப்பாவுக்கும் மட்டும் தெரியும். எனக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மறைத்ததற்குக் காரணம் இருந்தது. தோட்டங்களில் இருந்து வந்த சனத்தைச் சொல்ல எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் அவர்களை வளவு கூட்டக் கூப்பிடுவார்கள், பந்தியில் பக்கத்தில் இருத்த மாட்டார்கள். பிள்ளையார் கோயில் மடத்தில் வெள்ளி அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிற பெண்களோடு மாமிக்கு ஒரு பலகையும் கத்தியும் கிடைத்தது அண்மையில்தான். எங்கள் ஊரில் அது அடையாள அட்டையிலும் பெரிது.

இதொன்றும் தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்தேன். மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"என்ன நிறம் குறையுது?"

"மலையகத் தமிழர். இந்த ஊரிலை ஒருத்தரும் இல்லை மாமி. என்ன ஊர் இது?"

திருவலை நின்றது. பாதி திருவிய தேங்காயைக் கீழே வைத்தார். பிறகு நான் அவர் வாயில் ஒரு நாளும் கேட்காத ஒரு தமிழில், மெல்லமாக, "அழுவாத பாப்பா. என்னையப் போட்டுக்க" என்றார்.

"பொய் எண்டால் ரீச்சர் பிடிச்சிடுவா."

"பொய் இல்ல பாப்பா."

எனக்கு வந்த ஆறுதலில் வேறு கேள்வி வரவில்லை. என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பச்சை என்றார். கையைக் கழுவி, சீலையில் துடைத்து, பெயரை எழுதி, அதற்குக் கீழே தோட்டத்தின் பெயரையும் எழுதத் தொடங்கினார். "இடம் காணாது மாமி, வடிவு கெட்டுப்போம்" என்று நான் தடுத்தேன். அவர் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே போகாமல் சின்னச் சின்ன எழுத்தாக முழுவதையும் எழுதி முடித்தார்.

பின்னேரம் அம்மா அதைக் கண்டுவிட்டு வேலிக்கு ஓடினார். நான் பின்னால் நின்றேன்.

"என்ன மச்சாள் விசர் வேலை பாத்திருக்கிறியள்? ஊர் முழுக்கப் பாக்கப்போகுது. பிள்ளையைக் கொண்டு அழிப்பிக்கிறன்."

"விடுங்கோ மச்சாள்" என்றார் மாமி. "நானும் எத்தினை காலத்துக்குக் கிளிநொச்சியிலை பிறந்துகொண்டு இருக்கிறது?"

அழிப்பதைப் பற்றிய பேச்சு மட்டும்தான் என் காதில் ஏறியது. வட்டத்தைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டு அதற்கு மேலே படுத்தேன்.

கண்காட்சிக்கு ஊர் வந்தது. இரும்பு நானா தன் துண்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பித்தார். மாமா கடையைப் பூட்டிவிட்டு வேட்டி கட்டி வந்தார். மாமி கலியாணத்துக்குக் கட்டுகிற சீலையில் வந்து என் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். கோயில் மடத்துப் பெண்களுக்கு அந்த நாளில் பெரியவராக இருந்த அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பச்சைத் துண்டை இரண்டு தரம் வாசித்தார். பிறகு யாருக்கென்று இல்லாமல், "உவ கிளிநொச்சி எண்டெல்லோ சொன்னவை?" என்றார்.

"கிளிநொச்சிக்கும் வந்தனான்தான் அக்கா" என்றார் மாமி. "அதுக்கு முதல் எங்கையாவது பிறக்கவேணுமெல்லோ."

மாமா சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை. எனக்கு இரண்டாம் பரிசு. முதற் பரிசு எரிமலை செய்த பெடியனுக்கு. புகை விடுகிற எரிமலைக்கு முன்னால் எந்த இனமும் எடுபடாது.

அடுத்த வெள்ளி மாமி மடத்துக்குப் போகவில்லை. இந்தக் கிழமை ஆள் காணும், வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கடுத்த வெள்ளியும் ஆள் காணுமாம். மூன்றாவது வெள்ளி, வழமையாக அங்கே மரக்கறி வெட்டுகிற அம்மாவும் போகவில்லை. இரண்டு பேரும் மாமியின் குசினியில் இருந்து ரொட்டி தட்டினார்கள். மாமி இப்போது இரண்டு தமிழிலும் கதைத்தார். தேயிலை மலையில் தன் அம்மாவை அட்டை கடித்த கதையை அவருடைய தமிழில் சொல்லும்போது அம்மா மாவைக் கீழே கொட்டிவிட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நேரே அங்கேதான். அந்த மாதிரி வெள்ளிக்கிழமைகள் எனக்கு அதற்கு முதலும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

"உங்களுக்கு லீவோ மாமி?"

"ஓம் பாப்பா, லீவு."

"நான் பரிசு எடுத்ததுக்கோ?"

மாமி அம்மாவைப் பார்த்தார். "ஓம். அதுக்குத்தான்."

நான் நன்றி கெட்ட பிள்ளை இல்லை. அடுத்த வெள்ளி பள்ளிக்கூடத்தால் நேரே கோயில் மடத்துக்குப் போனேன். பெண்கள் சுற்றிவர இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அன்ரிக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "எங்கடை மாமிக்கு லீவு குடுத்ததுக்குப் பெரிய நன்றி அன்ரி. மாமி நல்ல சந்தோசமாய் இருக்கிறா. அம்மாவும் லீவிலைதான்."

அன்ரியின் கத்தி பூசணிக்காயின் நடுவில் இறங்கி அங்கேயே நின்றது. மற்றவர்கள் குனிந்து தங்கள் பலகையைப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு நன்றி சொன்னால் கூச்சம் வரும் என்று நினைத்துக்கொண்டு, அவர்களுக்கு மேலும் கரைச்சல் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

பிறகு ஒரு வியாழன் மாமியைக் கூப்பிட அன்ரியே படலைக்கு வந்தார். "நாளைக்கு வாரும், உம்மடை கத்தி சும்மா கிடக்குது" என்றார். என் நன்றியாலோ, அம்மா போகாமல் விட்டதாலோ, உண்மையிலேயே வெட்ட ஆள் போதாமல் போனதாலோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாமி உடனே ஓம் சொல்லவில்லை. வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு ரொட்டியைக் கொடுத்தார். அன்ரி தட்டை வாங்கி ஒரு துண்டு பிய்த்து வாயில் வைக்கும்வரை மாமி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான், "வாறன் அக்கா" என்றார்.

எனக்கோ உலகம் இடிந்த மாதிரி. அழகாகப் போய்க்கொண்டிருந்த லீவை வாயை வைத்துக்கொண்டு இராமல் நானே கெடுத்துவிட்டேன். அன்ரி படலையைத் தாண்டியதும் மாமியின் சீலையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலைதான் மாமி எல்லாம். தெரியாமல் செய்துபோட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுதேன்.

மாமி குனிந்து என் முகத்தைத் துடைத்தார். "நான் அண்டைக்கே மன்னிச்சிட்டன் பாப்பா" என்றார்.

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.