தரபுக்கோவுக்குப் போன லொறியும் வசந்திக்கு எழுதிய கடிதமும்

ஞாயிறு காலை 6.30. பொலிவியாவில் சூக்ரே நகரத்து லொறி நிலையம். டென்மார்க்கின் இக்காஸ்டில் தொழிற்சாலை வேலையை விட்டு நான் சேர்ந்த ஹொய்ஸ்கோல என்ற விடுதிப் பள்ளி, எங்கள் வகுப்பை இரண்டு மாதத்துக்கு இங்கே கூட்டிவந்திருக்கிறது. கூட வந்த டேனிஷ்காரர் உயரம் ஒத்துக்கொள்ளாமல் விடுதியில் படுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, தனியே புறப்பட்டேன்.

யம்பாரஸ் மாகாணத்தின் தலைநகர் தரபுக்கோ. 65 கிலோமீற்றர், கட்டணம் மூன்று பொலிவியானோ. பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள், ஆடுகள், முப்பது பேர். எல்லோரும் கதைப்பது கெச்சுவா. சாரதி பெர்மினுக்கு ஸ்பானிஷும் தெரியும். எனக்கும் நாலு மாதம் படித்த ஸ்பானிஷ் இருந்ததால் முன் இருக்கை தந்தான். பக்கத்தில் சபீனா, மடியில் பிள்ளை.

"உம்மட மனுசியோ?" என்று பெர்மினைக் கேட்டேன்.

"இன்னும் இல்லை. ரெண்டு வருஷமாச் சேர்ந்து இருக்கிறம். அடுத்த மாதம் அறுவடை முடியக் கலியாணம்."

இங்கே அதுதான் வழக்கம். ஒத்துப்போனால்தான் கலியாணம்.

"நீர் முடிச்சாச்சோ?"

"ஓம். எழுத்து முடிஞ்சுது."

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வசந்திக்கும் எனக்கும் கலியாண எழுத்து, அதாவது பதிவு, நடந்த பதினோராம் நாள் நான் நாட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது. தாலி கட்டவில்லை, ஒருநாளும் சேர்ந்து இருக்கவில்லை. அவளை டென்மார்க்குக்கு எடுக்கக் கொடுத்த விண்ணப்பத்துக்கு மூன்று வருஷமாகப் பதில் இல்லை. எங்கள் ஆட்கள் பலருக்கும் அதே கதி.

பெர்மின் இதைக் கெச்சுவாவில் சொல்ல, சபீனா சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டது.

"எங்களிட்டைப் பிள்ளை இருக்கு, கடதாசி இல்லை, உம்மட்டைக் கடதாசி இருக்கு, மனுசி இல்லை எண்டு பகிடி பண்ணுறாள்."

9.15. தரபுக்கோ, 3,200 மீற்றருக்கு மேல். படைவீரர் தலைக்கவசம் போன்ற தோல் தொப்பிகளோடு சந்தை நிறைய ஆட்கள். சூப்புக் கடையில் பெர்மின் கேட்டான்: "கலியாணத்துக்கு ஞானத் தகப்பனாய் நில்லுமன்."

"ஓம்" என்றேன் உடனே.

சபீனா மறுத்தாள். சோடியாகத்தான் நிற்கவேண்டுமாம். "நாங்கள் சண்டை பிடிச்சால் வந்து தீர்க்கவேண்டிய ஆக்கள். இவர் மனுசியோட ஒருநாளும் சண்டை பிடிச்சதில்லையே!"

இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவ்வளவு தூரம் வந்த நீர் ஏன் அவவிட்டைப் போகேல்லை?" என்றான் பெர்மின்.

என் அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கைக்குப் போகமுடியாது; இந்தியாவில் சந்திக்கலாம். ஆனால் அங்கேயே சேர்ந்து வாழலாமே என்று விண்ணப்பத்தை மறுத்துவிடுவார்கள், பொறு என்கிறார் டென்மார்க்கில் என் சட்டத்தரணி என்றேன்.

"அந்தச் சட்டத்தரணி ஆரோட இருக்கிறார்?"

"மனுசி பிள்ளையளோட."

பெர்மின் சூப்பைக் குடித்து முடித்தான்.

பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்படும் என்ற லொறி நாலரைக்குப் புறப்பட்டது. டென்மார்க்கில் பஸ் நிமிஷம் பிசகாது, பதில்தான் வராது.

திங்கள் காலை எட்டு மணிக்கு சூக்ரே தபாற்கந்தோரில் வசந்திக்குக் கடிதம் போட்டேன்: "ஆவணியில் திருச்சிக்கு வாரும். நானும் வாறன். தாலியை அங்கை கட்டுவம்."

சட்டத்தரணிக்குத் திரும்பிப் போய்ச் சொல்லலாம்.