கிருமி எடுக்கப் போன கதை

பசறைப் பக்கத்தில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரிக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். எங்கு திரும்பினாலும் பிளீச்சிங் பவுடர் நாற்றம்.

பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் தற்காலிக உதவியாளராக இருந்த நேரம். எண்ணெய்க் கிணறு வற்றிய பிறகும் பாறை இடுக்குகளில் எண்ணெய் ஒட்டிக்கிடக்கும். சில நுண்ணுயிர்கள் சீனி ஆலைக் கழிவுப்பாகைத் தின்று, சவர்க்காரம் போன்ற ஒன்றைச் சுரந்து, அந்த எண்ணெயைக் கழற்றிவிடும். இதை எண்ணெய் ஊறிய மணல் அடைத்த கண்ணாடிக் குழாயில் செய்துபார்த்தோம். ஒன்றும் சரிவரவில்லை.

"இனி எடுக்கிறதுதான் கடைசி சாம்பிள். இதுவும் சரிவராட்டி ப்ராஜெக்ட மூடிருவாங்க. உங்களையும் வச்சிருக்க ஏலாது" என்றார் பொறுப்பாளர் ரஷீத் சார்.

டீசல் ஊறிய மண்ணில் அந்த நுண்ணுயிர்கள் இருக்கும். எங்கள் ஃபெக்டரி எஞ்சின் ரூமிலிருந்து கழிவு ஓடும் வடிகாலான கானில் அப்படி மண் நிறைய உண்டு. முதல் நாளே ஃபெக்டரிக்குப் போன் பண்ணி, "நாளைக்கு எங்க சாரோட கிருமி எடுக்க வர்றேன்" என்றேன். அங்கேதான் வந்தது வினை.

சுகாதாரப் பரிசோதனை என்று நினைத்துவிட்டார்கள். எஞ்சின் டிரைவர் செல்வராஜ் அண்ணன் பெருமையோடு கானைக் காட்டினார்.

"ஒரு கிருமி இருக்காதுங்க சார். விடியக்காலையிலேயே எல்லாரும் நின்னு தேய்ச்சுக் கழுவிட்டோம்."

சார் தலையில் கைவைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, எங்களுக்குக் கிருமிதான் வேணும். இல்லாட்டி எனக்கு வேல போயிரும்."

"நெசமாவே அழுக்குதான் வேணுமா தங்கச்சி?"

தலையாட்டினேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடியவர், எண்ணெய்ச் சேறு அப்பிய சாக்கு ஒன்றோடு வந்தார். எஞ்சின் ரூம் வாசலில் எல்லாரும் கால் துடைக்கும் சாக்கு.

"இதக் கண்டா அசிங்கம்னு ஒளிச்சு வச்சேன்."

அந்தச் சேற்றில் இருந்தவற்றை வளர்த்துக் குழாய்க்குள் விட்டோம். சில நாள் கழித்து மறுமுனையில் கறுப்பாக எண்ணெய் சொட்டியபோது, அந்தச் சாக்கைக் கும்பிடலாம் போல இருந்தது. வேலையும் நிலைத்தது.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒருவரிடம் சாம்பிள் கேட்டால், எதற்கென்று முதலில் விளக்கிச் சொல்லுங்கள். நம் பாஷை அவர்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும்.

நன்றி சொல்லத் தோட்டத்துக்குப் போனபோது, "எதுக்கு அண்ணே அந்தக் குளிர்ல நின்னு அப்படிக் கழுவுனீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம தோட்டத்துப் புள்ள, பெரிய ஆளக் கூட்டிட்டு வருது. ஒனக்குத் தலகுனிவு வந்துறக் கூடாதுல்ல?" என்றார்.