நல்ல காலர்களில் ஒட்டிய அம்பு

அந்தத் தையல் ஆலையில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கர் அவள். பதினாறு வருடமாக அவள் கண்ணுக்குத் தப்பிய தையல் கிடையாது. நூல் ஒரு இம்மி விலகினாலும் விரல் அங்கே போய் நின்றுவிடும். குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவளின் நம்பரைத் தாளில் எழுதுவாள். "செக்கர் அக்காவுக்கு இருக்கிறது கண்ணா, பூதக்கண்ணாடியா?" என்று லைன் முழுக்கக் கேலி பேசும். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தக் கைதான், ஐயோ, பொய்யை ஒட்டியது!

காலர் தைக்கும் பெண் வாயாடி. செக்கர் அக்காவுக்குச் செல்லம். தையலைப் பார்க்கிற சாக்கில் சூப்பர்வைசர் அவள் தோளில் கை வைப்பதும், கை கீழே இறங்குவதும், ஸ்டோர் ரூமுக்குத் தனியாக வரச் சொல்வதும் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் குனிந்தபடி தைத்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்தாள். விசாரணைக் குழுவிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசர் செக்கர் மேஜையில் சாய்ந்து நின்றான்.

"என்னக்கா, மகாராணி தைக்கிறதுல நிறைய குறை வருதாமே?"

"அப்படி ஒண்ணும் இல்லையே சார்."

"இருக்கும், நல்லாப் பாருங்க. கண்ணு மங்கிப்போச்சுன்னா சொல்லுங்க, அயர்ன் செக்‌ஷனுக்கு மாத்திடலாம். நாள் பூரா நிக்கணும். உங்க முட்டி தாங்குமா?"

முட்டியை நினைத்தாள். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனை நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் விரல் ஸ்டிக்கரை உரித்துவிட்டது. குற்றமில்லாத காலரில் ஒரு அம்பு. பிறகு பத்து. பிறகு எத்தனையோ.

"இதுல என்னக்கா தப்பு?" என்று காலர் தைக்கும் பெண் கேட்டாள்.

"சரியாப் பாரு, தெரியும்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அந்தப் பெண் நல்ல தையலைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தாள். இரண்டே வாரத்தில் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

விசாரணை அறையில் எல்லோரையும் உட்காரவைத்துக் குழுத் தலைவி செக்கரின் தாளைப் புரட்டினார்.

"செவ்வாய்க்கிழமை காலையில இவங்க தச்சதுல நாற்பது குறைன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமாங்க மேடம்."

"அன்னைக்குக் காலையில இவங்க இதே அறையில உட்கார்ந்து எங்கிட்ட வாக்குமூலம் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க."

செக்கர் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மெஷினில் அன்று வேறொருத்தி தைத்திருக்கிறாள். காலர்க் கட்டோடு வந்த, தைத்தவள் நம்பர் போட்ட சீட்டைக்கூடப் பார்க்காமல், காலர் என்றதும் அம்பை ஒட்டித் தள்ளியிருக்கிறாள் இவள்.

"நம்பர் மாறிப்போச்சுன்னு சொல்லுங்க" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தபடி எடுத்துக்கொடுத்தான்.

அதைச் சொல்லித் தப்பித்திருப்பாள். ஆனால் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"ஆமா மேடம், நம்பர்தான் மாறியிருக்கும். அக்கா வேணும்னு பண்ண மாட்டாங்க. மத்ததெல்லாம் என் தப்புதான். புகார் கொடுத்ததுலேருந்து எனக்குக் கை நடுங்குது போல."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

"உன் கைக்கு ஒண்ணும் இல்லடி!" என்று வெடித்து அழுதாள். "எல்லாம் பொய் மேடம். இவர் ஒட்டச் சொன்னாரு, நான் ஒட்டினேன். ஒரு காலர்லகூடக் குறை இல்ல."

சூப்பர்வைசரை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எச்சரிக்கைக் கடிதங்களும் ரத்தாயின. அந்தப் பெண் மட்டும் அவள் பக்கம் திரும்பாமலே போனாள்.

மறுநாள் அந்தப் பெண்ணே தான் தைத்த காலர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். செக்கர் அக்கா ஒவ்வொரு காலராகத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் சுத்தமா இருக்கும்மா."

"நீங்க சொன்னா எப்படி நம்புறது?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் விரித்து, முதல் காலரிலிருந்து தானே பார்க்கத் தொடங்கினாள். செக்கர் அக்கா மேஜைக்கு இந்தப் பக்கம், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.