எதிர்வீட்டு வாணலி

இந்த ஜெர்மன் ஊரில் மாலையானால் எங்கள் மாடிப்படியில் வெங்காயம் வதங்கும் வாசனை ஏறி வரும். எதிர்வீட்டு டீட்டர் சமைக்கிறார் என்று அர்த்தம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. ஒரே வாணலியில் வெண்ணெய், வில்லை வில்லையாக உருளைக்கிழங்கு, வெங்காயம், அதன் மேல் நறுக்கிய சாசேஜ் என்கிற இறைச்சிக்குழல், கொஞ்சம் மிளகுத்தூள். அவ்வளவுதான், ராச்சாப்பாடு முடிந்தது. ஆம்பூரில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்க்கே தனிச் சட்டி வைக்கிற வீட்டில் பிறந்தவன் நான். இதுவும் ஒரு சமையலா என்று ஆரம்பத்தில் சிரித்தேன். இப்போது அந்த வாசனை வந்தாலே வயிறு எரிகிறது.

பொறாமைதான், வேறென்ன. நாங்கள் குடிவந்த வாரமே டீட்டர் கதவைத் தட்டினார். நிறையச் செய்திருக்கிறேன், இருவரும் சாப்பிட வாருங்கள் என்றார். என் மனைவி மெர்சி நர்ஸ், அப்போது ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாள். நான் பசியோடு இருந்தேன். ஆனாலும் வாய் தானாக, “நைன், டாங்கே, வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்” என்றது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இன்னொரு தடவை கூப்பிடுவார் என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன். எதிர்க்கதவு சாத்தப்படும் சத்தம்தான் கேட்டது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் அழைப்புக்கே உட்கார்ந்துவிடுகிறவனை நாம் என்ன சொல்வோம்? ஷூ கம்பெனியில் நான் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தபோது, பக்ரீத் அன்று கூட வேலை பார்த்த நசீர் வீட்டு வாசலில் ஒவ்வொரு வருஷமும் இதே நாடகம்தான். “வேணாம்பா, வூட்ல சாப்ட்டுத்தான் வந்தேன்” என்பேன். “இன்னா தோஸ்த், பேஜார் பண்ணாத, உக்காரு” என்று கையைப் பிடித்து இழுப்பான். இன்னொரு வேண்டாம் சொல்வேன். அதற்குள் இலையில் பிரியாணி விழுந்திருக்கும். நான் வேண்டாம் என்றதை அவன் ஒரு நாளும் நம்பியதில்லை.

போன மாதம் ஒரு மாலை, மெர்சிக்காக ரசம் வைத்து, உருளைக்கிழங்கு வறுத்துக் காத்திருந்தேன். நேரமாகியும் அவள் வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தால், அவள் ஷூ டீட்டர் வீட்டுக் கால்மிதியில் கிடக்கிறது. பழுப்புத் தோல், எங்கள் கம்பெனியில் தைத்தது, நானே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தது. உள்ளேயிருந்து அவள் சிரிப்பு கேட்டது. என் வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

வந்தவளிடம், “சாப்பாடு போடவா?” என்றேன்.

“சாப்ட்டேங்க. படியில பாத்துட்டு டீட்டர் கூப்ட்டாரு.”

“ஒரு தடவ கூப்ட்டதுக்கேவா?”

“பின்ன இன்னா பண்றது? வார்டுல நின்னு நின்னு காலு போச்சு. பசிங்க. சரின்னேன்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. அந்தக் கிழவர் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. ஒரே சொல்லில் இந்த நாட்டின் மேசையில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நானோ இன்னும் வாசலிலேயே நிற்கிறேன். ஒரு நாள் அவள் முழுவதும் அந்தப் பக்கத்து மனுஷியாகிவிடுவாளோ என்று பயம்.

நேற்று நானும் சாசேஜ் வாங்கி வந்தேன். கிழவரைத் தோற்கடித்தே தீருவது என்று இஞ்சி பூண்டு விழுது, ஊறவைத்து அரைத்த மிளகாய் எல்லாம் போட்டேன். பழக்கதோஷம், வாணலியை இறுக மூடி மேலே வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துத் தம்மும் போட்டுவிட்டேன். திறந்தால் சாசேஜ் வெடித்திருந்தது, கிழங்கு குழைந்து கிடந்தது.

மெர்சி சாப்பிட்டாள். தட்டு காலியானது. இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு போனேன்.

“வேணாங்க, போதும்” என்று தட்டின் மேல் கையை வைத்தாள்.

நசீராக இருந்தால் விரல் இடுக்கிலேயே போட்டிருப்பான். டீட்டராக இருந்தால் கரண்டியைத் திரும்ப வாணலியில் வைத்திருப்பார். என் மனைவி இப்போது சொன்னது எந்த ஊர் ‘வேண்டாம்’? எனக்குத் தெரியவில்லை. அவள் கைக்கு மேலே கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். சாசேஜ் ஆறிக்கொண்டிருந்தது.