கண்ணாடி அறைக்குள் ஒரு முணுமுணுப்பு

“சிவப்புச் சட்டைக்காரர் குடையை விரிக்கிறாரு. விரிய மாட்டேங்குது. உதறுறாரு. இப்ப விரிஞ்சிடுச்சு, மழை நின்னுடுச்சு.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போகிறவளைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்யும். பக்கத்து இருக்கை அம்மாள் மெல்ல நகர்ந்து உட்காருகிறார். நகரட்டும், முணுமுணுவுக்கு இதெல்லாம் பழக்கம். அந்தப் பெயரே தெரு கூடி வைத்ததுதான். பெற்றவள் வைத்த பெயர் இப்போது சான்றிதழில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நாடக அரங்கின் பின்சுவரில், கொஞ்சம் உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு குட்டி விளக்கு, ஒரு மைக். மேடையில் பேச்சு நின்று கையும் காலும் மட்டும் பேசுகிற நேரத்தில், அங்கே என்ன நடக்கிறது என்று முணுமுணு மெதுவாகச் சொல்வாள். கடைசி வரிசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பார்வையற்றவர்கள் கேட்பார்கள். அதுதான் வேலை. இதற்குச் சம்பளமும் உண்டு என்பதை அவள் அம்மாவே இன்னும் முழுசாக நம்பவில்லை.

படித்தது தாவரவியல். எம்.எஸ்ஸி முடித்து, இலை நரம்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன பிறகு, வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று பார்வையற்றோர் சங்கத்தில் ஒரு வருடம் பாடப் புத்தகம் வாசித்துக் காட்டப் போனாள். காசு கிடையாது, டீ உண்டு. அங்கேதான் டெலிபோன் ஆபரேட்டர் அக்கா பழக்கமானாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். ஒருநாள் சங்கத்தார் எல்லோரையும் நாடகத்துக்குக் கூட்டிப் போனார்கள். வசனமே இல்லாத ஓர் இடத்தில் அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அக்கா முழங்கையால் இடித்தாள்.

“என்னடி ஆச்சு? எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் மட்டும் மரம் மாதிரி உக்காந்திருக்கேன்.”

அன்று அக்காவின் காதில் கிசுகிசுக்க ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி முறைத்ததைப் பார்த்துத்தான் அரங்க மானேஜர் அந்தக் கண்ணாடி அறையையே ஏற்பாடு செய்தார். கல்லூரி வேலை கைக்கு வந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

“எம்.எஸ்ஸி படிச்சது இதுக்கா? கண்ணு முன்னாடி நடக்கிறதைச் சொல்றதெல்லாம் ஒரு உத்தியோகமா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா கேட்டதிலும் தப்பில்லை. அவளுக்கே இது கனவு மாதிரிதான் இருக்கிறது. இருட்டில் உட்கார்ந்து அவள் பார்ப்பதெல்லாம் இன்னொருவர் தலைக்குள் போய் ஆடுகிறது, பாடுகிறது. யாருக்குக் கிடைக்கும்?

அந்தக் கனவுக்கே போன வாரம் ஆபத்து வந்தது. சிரிப்பு நடிகர் தண்ணீர் வாளிக்குள் காலை விட்டு விழுகிற கட்டம். “விழுறாரு” என்று சொல்லிவிட்டாள். மனுஷர் விழவில்லை. ஒற்றைக் காலில் இன்னும் கொஞ்சம் ஆடினார். கடைசி வரிசை மட்டும் கொல்லென்று சிரித்தது. அப்புறம் அவர் விழுந்தபோது மற்றவர்கள் சிரிக்க மறந்து பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் விழறதுக்கு முன்னாடியே சிரிச்சா, நான் எதுக்குங்க விழணும்?” என்று நடிகர் மானேஜரிடம் குதித்தார். மானேஜர் இரண்டு பக்கமும் நல்லவர். “அடுத்த ஆட்டம் பாப்போம்மா. அப்பவும் இப்படின்னா மைக்கைக் கழட்டிட வேண்டியதுதான்” என்றார்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் முணுமுணு ஒப்பனை அறைக்குப் போனாள். நடிகர் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

“எப்ப விழுவீங்கன்னு முன்கூட்டியே சொன்னீங்கன்னா நல்லாருக்கும் சார்.”

“எனக்கே தெரியாதும்மா. சனங்க மூஞ்சியைப் பாப்பேன். இப்ப விழலாம்னு தோணும், விழுவேன்.”

“கடைசி வரிசை மூஞ்சி தெரியுமா சார்?”

“அங்க ஏது வெளிச்சம்?”

“அவங்களுக்கு மேடையும் அப்படித்தான் சார். எல்லாரோடயும் சேர்ந்து சிரிக்கணும்னுதான் வர்றாங்க.”

நடிகர் துணியை இழுத்து முடிச்சுப் போட்டார். முணுமுணு வெளியே வந்தாள்.

மேடைக்கு வாளி வந்தது. “காலைத் தூக்குறாரு. வாளிக்கு மேல கால் நிக்குது.” அடுத்த வார்த்தை முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. நடிகர் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தார், நடுவரிசையைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, குட்டி விளக்கு எரிகிற கண்ணாடி அறையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

தனக்காகத்தான் நிற்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சரியென்று தலையை ஆட்டினாள்.

“விழுறாரு.”

தடாலென்று விழுந்தார். அரங்கம் மொத்தமும் ஒன்றாகச் சிரித்தது, கடைசி வரிசையும் சேர்ந்து. அக்காவின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அழுகையும் சிரிப்புமாய் நெஞ்சிலிருந்து கிளம்பிய சத்தம் அவர்கள் காதுக்குப் போய்விடாதபடி, முணுமுணு மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.